விளம்பர இடைவேளையும் ஒரு நிறுத்தற்குறியே

2001 நவம்பரில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் ‘24’ என்னும் தொடர் தொடங்கியது. ஒரு நாளின் 24 மணி நேரத்தை 24 பகுதிகளில் சொல்லும் தொடர் அது. கதைக்குள் ஓடும் நேரமும் பார்வையாளரின் வீட்டுக் கடிகாரத்தில் ஓடும் நேரமும் ஒன்றே என்பது அதன் அடிப்படை ஒப்பந்தம். விளம்பரத்துக்கு முன் திரையில் ஓர் எண்கடிகாரம் தோன்றும். விளம்பரம் முடிந்ததும் மீண்டும் தோன்றும். இடையில் கழிந்த நிமிடங்கள் கதைமாந்தருக்கும் கழிந்திருக்கும். அடுத்த ஆண்டு பிரிட்டனில் இத்தொடரைப் பிபிசி ஒளிபரப்பியது. பிபிசியில் விளம்பரம் கிடையாது. ஆகவே கடிகாரம் நொடிப்பொழுதில் சில நிமிடங்களைத் தாண்டிக் குதித்தது. ஒரு மணி நேரக் கதை முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்தது. தொல்லை என்று கருதப்படும் ஒன்றை நீக்கியதால் படைப்பில் ஓட்டை விழுந்தது.

அமெரிக்கத் தொடர்களின் விளம்பர இடைவேளையைப் படைப்புக்கு வெளியிலிருந்து வரும் குறுக்கீடாக மட்டும் பார்ப்பது பிழை என்பதற்கு இதுவே போதிய சான்று. அந்நாட்டு வணிகத் தொலைக்காட்சிகளுக்கு எழுதுபவர்கள் இடைவேளையை முன்வைத்தே எழுதுகிறார்கள். தொடக்கத்தில் ஒரு சிறு காட்சி, பின்னர் நான்கு அங்கங்கள் என்பது நெடுநாள் வழக்கம். 2000களின் நடுவில் அங்கங்கள் ஐந்தாகவும் ஆறாகவும் பெருகின. ஒவ்வோர் அங்கமும் ஒரு கேள்வியிலோ அதிர்ச்சியிலோ முடிகிறது. இசை உச்சத்துக்கு ஏறுகிறது, திரை இருள்கிறது. அடுத்த அங்கம் பெரும்பாலும் இடத்தை மீண்டும் அறிமுகப்படுத்தும் காட்சியோடு தொடங்குகிறது. எழுத்தில் பத்தி முறிவு செய்யும் வேலையை இங்கே அந்த இருள் செய்கிறது.

சிக்கல் இறக்குமதியில் தொடங்குகிறது. வாங்கும் நாட்டில் இடைவேளைகளின் எண்ணிக்கையும் நீளமும் வேறு. பிரிட்டனில் அவை அமெரிக்காவைவிடக் குறைவு. 1954ஆம் ஆண்டின் தொலைக்காட்சிச் சட்டம், நிகழ்ச்சியின் நடுவே விளம்பரம் வருமானால் அது இயல்பான முறிவுகளில் மட்டுமே வரவேண்டும் என்றது. ஐந்து முறிவுகளோடு எழுதப்பட்ட தொடரை மூன்று இடைவேளைகளுக்குள் அடக்க நேரும்போது, எந்த மூன்று என்று ஒருவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த முடிவை நிகழ்ச்சியைப் பார்த்து எடுப்பதும் உண்டு. கடிகாரத்தைப் பார்த்து எடுப்பதும் உண்டு.

கடிகாரத்தைப் பார்த்து எடுத்தால் இரட்டைப் பிழை நேர்கிறது. இருவர் பேசிக்கொண்டிருக்கும்போது, ஒருவர் கேட்டதற்கு மற்றவர் பதில் சொல்லுமுன், சோப்பு விளம்பரம் நுழைகிறது. திரும்பி வந்து இரண்டு நிமிடத்தில் இசை உச்சத்துக்கு ஏறித் திரை இருள்கிறது. அங்கே எதுவும் வருவதில்லை. நிற்கக் கூடாத இடத்தில் நிறுத்தி, நிற்க வேண்டிய இடத்தில் ஓடுகிறது நிகழ்ச்சி. வாக்கியத்தின் நடுவே முற்றுப்புள்ளி வைத்து, இறுதியில் இருந்ததை அழித்துவிட்டால் படிப்பவருக்கு நேரும் தடுமாற்றமே பார்ப்பவருக்கும் நேர்கிறது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அமெரிக்க அங்க முறிவே வணிகத்தின் பிள்ளைதானே, அதைக் கலை என்று போற்றிக் காப்பதேன்? பிறப்பு வணிகம் என்பது உண்மை. ஆனால் ‘பொன்னியின் செல்வன்’ நாவலின் அத்தியாய முடிவுகளும் வார இதழின் தேவையில் பிறந்தவையே. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வாசகர்கள் ஒரு வாரம் காத்திருந்த இடங்கள், இன்று நூலில் ஒரு பக்கத்தைப் புரட்டும் நேரத்தில் கடந்துவிடுகின்றன. அதற்காக எந்தப் பதிப்பாளரும் பக்கக் கணக்குப் பார்த்து அத்தியாயங்களை வேறிடத்தில் வெட்டியதில்லை. தேவையில் பிறந்தது வடிவமாக நிலைபெற்றுவிட்டது.

யாப்பிலக்கணம் கூறும் வகையுளியும் இங்கே நினைக்கத்தக்கது. ஓசை கெடாதிருக்கும் பொருட்டு, சொல்லைப் பொருள் முடியுமிடத்தில் அல்லாமல் சீர் முடியுமிடத்தில் பிரிப்பது அது. அங்கே பிரிவைக் கேட்பது செய்யுளின் உள்ளிருக்கும் யாப்பு. காட்சியின் நடுவே விழும் விளம்பரத்தைக் கேட்பது ஒளிபரப்பு அட்டவணை. இரண்டும் வெட்டுத்தான், ஆனால் முதலாவது படைத்தவர் அறிந்து செய்தது.

படைத்தவர் முறிவே வைக்காத தொடர்கள் வேறொரு வகை. விளம்பரமற்ற எச்பிஓவுக்காக உருவான ‘தி சொப்ரானோஸ்’, பிரிட்டனில் விளம்பரம் ஏற்கும் சேனல் 4இல் ஒளிபரப்பானது. இத்தகைய தொடர்களில் எங்கு வெட்டினாலும் அது புதிய வெட்டு. அப்படியானால் காலமோ இடமோ மாறும் எல்லையில் வெட்டுவதே குறைந்த தீங்கு. தீங்கே இல்லை என்று சொல்ல முடியாது. 2008இல் சுவீடனின் உச்ச நீதிமன்றம், திரைப்படங்களின் நடுவே விளம்பரம் நுழைத்தது இயக்குநர்களின் தார்மீக உரிமையை மீறியது என்று டிவி4 நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

இந்திய விதிகளோ இடத்தைவிட அளவையே பேசுகின்றன. கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி ஒரு மணி நேரத்தில் 12 நிமிடங்களுக்கு மேல் விளம்பரம் கூடாது. 2012இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இரு இடைவேளைகளுக்கு நடுவே குறைந்தது 15 நிமிட இடைவெளி வேண்டும் என்றும் விதித்தது. மறு ஆண்டுத் திருத்தத்தில் அது நீங்கியது. அந்த விதியும் காட்சி முடிந்ததா என்று கேட்கவில்லை. இடைவேளையைத் திரைக்கதையின் உச்சமாகவே எழுதப் பழகிய திரையுலகம் உள்ள நாடு இது. அதே நாட்டின் திரையரங்குகளில் ஹாலிவுட் படம் ஏறத்தாழப் பாதியில், எந்தக் காட்சி ஓடினாலும், இடைவேளைக்காக நிற்கிறது. தன் படைப்புக்குத் தெரிந்த இலக்கணம் பிறர் படைப்புக்குப் பொருந்தாது என்று எண்ணுவது விந்தை.

இது பழைய தொலைக்காட்சிகளோடு முடிந்துபோன சிக்கலும் அன்று. பிரைம் வீடியோ 2024 ஜனவரியில் அமெரிக்காவிலும், 2025 ஜூனில் இந்தியாவிலும் விளம்பரங்களைப் புகுத்தியது. முறிவின்றிப் பார்ப்பதற்கென்றே எழுதப்பட்ட தொடர்கள் இப்போது முறிக்கப்படுகின்றன.

தீர்வு எளியது, செலவும் மிகுதியன்று. மூலத்தில் முறிவு இருந்தால் அவற்றிலிருந்து மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டும். பயன்படாத முறிவுகளை அப்படியே விட்டுவிடலாம், பார்வையாளர் அவற்றைப் பத்தி இடைவெளியாக ஏற்றுக்கொள்வர். முறிவு இல்லாத தொடரில் காட்சி எல்லையைத் தாண்டக் கூடாது. வசனத்தை மொழிபெயர்க்க ஒருவரை அமர்த்தும் நிறுவனம், இடைவேளையைக் குறிக்கும் பொறுப்பையும் அவரிடமே தரலாம். எங்கே பேச்சு முடிகிறது என்பதை அந்தத் தொடரை வரிவரியாகக் கேட்ட அவர் அறிவார்.