மடிக்கு வராத பூனை

நாமக்கல் மலையின் மேற்குப் புறத்துக் குடைவரையில் நரசிம்மர் எழுந்தருளியிருக்க, அவரை நோக்கிக் கைகூப்பியவாறு 18 அடி உயர ஆஞ்சநேயர் வெட்டவெளியில் நிற்கிறார். வானர வடிவில் வந்த அடியாரை வணங்கிப் பழகிய இச்சமவெளியில், பூனைக்கு அத்தகைய மரியாதை வாய்க்கவில்லை. அது குறுக்கே போனால், வீடு திரும்பித் தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுகிறவர்கள் இன்றும் உண்டு. சரணாகதியை விளக்க வந்த வைணவ ஆசாரியர்களோ இவ்விரண்டையும் அருகருகே நிறுத்தினார்கள்.

மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்பன அவை. குரங்குக் குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக் குட்டியைத் தாயே வாயால் கவ்விச் செல்லும். முன்னதை வடகலையார்க்கும் பின்னதைத் தென்கலையார்க்கும் உரியதாகச் சொல்வது மரபு. ஸ்ரீராமகிருஷ்ணரும் இவ்வுவமையை எடுத்தாண்டார். அடுப்பங்கரையில் வைத்தாலும் மெத்தையில் வைத்தாலும், தாயைக் கூப்பிடுவதைத் தவிர அக்குட்டி வேறொன்றும் அறியாது என்பார்.

உவமை குட்டியோடு நின்றுவிடுகிறது. அது வளர்ந்து, யார் பிடிக்கும் அகப்படாத இளம்பூனையான பின் என்ன செய்வது என்பது ஆசாரியர்கள் எடுத்துக்கொண்ட பொருளன்று. இல்லறத்தார் எதிர்கொள்ளும் கேள்வி அது.

தெருவில் கைவிடப்பட்ட பூனைகளைத் தம் வீட்டில் சில காலம் வைத்துப் பேணி, நிலையான இல்லம் தேடித் தரும் அன்பர்கள் உள்ளனர். அவர்களிடம் வருவோர் கைக்குள் அடங்கும் குட்டியையே கேட்கிறார்கள். ஏழெட்டு மாதத்துப் பூனை, அதிலும் மடிக்கு வராமல் அலமாரி உச்சியில் அமர்ந்திருப்பது, காத்துக் கிடக்கும். அழைத்துப் போனவர்களும், ‘ஒட்டவே மாட்டேன் என்கிறது, பிள்ளைகள் ஏமாந்துபோகிறார்கள்’ என்று திரும்பக் கொண்டுவந்து விட்டால், அதற்கு இரண்டாம் முறையும் வீடில்லாமற் போகிறது.

இதை நன்றிகெட்ட குணம் என்பது பொருந்தாது. பிறந்த இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை மனிதக் கை பழகாத குட்டி, பின்னாளில் தயங்கித் தயங்கியே நெருங்கும். சில, வாழ்நாள் முழுதும் மடியேறா. எதிர்பார்ப்பற்ற அருளை நிர்ஹேதுக கிருபை என்பர் பெரியோர். அவ்வருளை இறைவனிடம் வேண்டி நிற்கும் வீட்டுக்கு, ஒரு பூனையிடம் பதினைந்து நாளில் பாசத்தைக் கணக்குக் கேட்பது அழகா?

முதல் சில நாள்கள் ஓர் அறை போதும். அதில் தண்ணீர், மணல்தட்டு, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி. பெட்டிக்குள்ளிருந்து இழுத்து எடுக்கலாகாது. மாலையில் ஒருவர் அங்கே அமர்ந்து மெல்லிய குரலில் பாராயணம் செய்யலாம், குரல் பழகிவிடும்.

உணவில்தான் கோயில் வழிபாட்டுக் குடும்பங்கள் தடுமாறுகின்றன. பாற்கடலை நக்கப் புகுந்த பூனைக்குக் கம்பர் தம்மை ஒப்பிட்டார். உண்மையில் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. பூனை ஊனுண்ணி. இறைச்சியிலும் மீனிலும் உள்ள டாரின் என்னும் சத்து குறைந்தால் அதன் கண்ணும் இதயமும் கெடும். தயிர்ச்சோறு அதைக் காவாது. முட்டைக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லில் முட்டை எளிதில் கிடைக்கும். அதுவும் தனியே போதாது. டாரின் சேர்த்த உலர்தீவனம் கடைகளில் உண்டு. அதற்கும் மனம் ஒப்பாத வீட்டார் பூனையை அழைத்து வராதிருப்பதே அதற்குச் செய்யும் நன்மை.

வெறிநோய்த் தடுப்பூசியும் கருத்தடையும் ஆயினவா என்று, பேணி வளர்த்தவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆகாவிடில் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

பிறகு ஒருநாள், விளக்கேற்றும் வேளையில், பூனை தானாக வெளிவந்து பூசையறைக்குச் சற்றுத் தள்ளி அமரும். கண்களை மெல்ல மூடித் திறக்கும். அது பயம் நீங்கியதன் அடையாளம். அப்போதும் தூக்க வேண்டா.