பாட்டனுக்கு ஆல்பம், பாட்டிக்குக் கல்லில்லாத குழி

1993ஆம் ஆண்டு, பிரிட்டன் ராக் பாடகர் பால் ரோட்ஜர்ஸ் ‘மடி வாட்டர் ப்ளூஸ்’ என்றொரு ஆல்பத்தை வெளியிட்டார். ‘மடி வாட்டர்ஸுக்கு ஓர் அஞ்சலி’ என்பது துணைத்தலைப்பு. ரோட்ஜர்ஸ் ‘ஃப்ரீ’, ‘பேட் கம்பெனி’ ஆகிய குழுக்களில் பாடிப் புகழ்பெற்றவர். ராக் இசையின் மிகச் சிறந்த குரல்களில் ஒன்று அவருடையது என்பதில் யாருக்கும் மறுப்பிருக்காது. ஆல்பம் முழுக்கப் பாடுவது அவர் மட்டுமே. கிதார் வாசிக்க மட்டும் பாட்டுக்கொரு விருந்தாளி. பட்டி கை, ஜெஃப் பெக், டேவிட் கில்மோர், பிரையன் மே, ஸ்டீவ் மில்லர், கேரி மூர், ஸ்லாஷ், பிரையன் செட்ஸர், டிரெவர் ராபின், நீல் ஷோன், ரிச்சி சம்போரா. ராக் ரசிகர்கள் இந்தப் பெயர்களைப் பக்தியோடு ஒப்பிப்பார்கள். நாமும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்போம். ஒரு பெண்ணின் பெயர்கூட நாக்கில் தட்டுப்படாது.

முப்பது ஆண்டு பழைய ஆல்பத்தை இப்போது எதற்குக் கிளற வேண்டும் என்று கேட்கலாம். நல்ல எண்ணத்தில் செய்யப்பட்டது, நன்றாகவும் வாசிக்கப்பட்டது. உண்மைதான். ஆனால் அஞ்சலி ஆல்பம் என்பது பழைய பாட்டுகளைத் திரும்பப் பாடுவதோடு முடிகிற காரியமில்லை. அது ஒரு வம்சாவளியை எழுதுகிறது. மூதாதை யார், வாரிசுகள் யார், கைமாறும் சொத்து எது என்று ஊரறிய அறிவிக்கிறது. ராக் இசையில் இப்படிப்பட்ட ஆல்பங்கள் ஏராளம். இது அவற்றில் மோசமானதும் அல்ல. அதனாலேயே இதை எடுத்துக்கொள்கிறேன். நல்லவர்கள் நல்ல நோக்கத்தோடு எழுதும் வரலாற்றிலும் பெண்கள் எப்படிக் காணாமல் போகிறார்கள் என்பதை இதில் தெளிவாகப் பார்க்கலாம்.

‘டிரிப்யூட்’ என்ற ஆங்கிலச் சொல்லை அஞ்சலி என்றும் தமிழில் சொல்லலாம், திறை என்றும் சொல்லலாம். திறை என்பதே மூத்த பொருள். பட்ட கடனையும் பணிந்த பணிவையும் ஊர் பார்க்கச் செலுத்துவது. வெள்ளை ராக் இசை கறுப்பின மக்களின் ப்ளூஸுக்குப் பட்ட கடன் மலையளவு. அந்தக் கடனை ஒப்புக்கொள்கிறது என்ற அளவில் ரோட்ஜர்ஸின் ஆல்பம் நேர்மையானது. கேள்வி வேறு. கடன் கொடுத்தவர்களில் பாதிப் பேரை யார் பேரேட்டிலிருந்து அடித்தார்கள்?

மடி வாட்டர்ஸை ‘நவீன சிகாகோ ப்ளூஸின் தந்தை’ என்பார்கள். மிசிசிப்பியின் பருத்திக்காட்டிலிருந்து 1943இல் சிகாகோ வந்து, மின்கிதாரின் வழியே கிராமத்து ப்ளூஸை நகரத்துக்கு மாற்றியவர் என்பது கதை. கதையில் பொய் இல்லை, விடுபடல் இருக்கிறது. 1942இன் கடைசி இரவு, சிகாகோவின் ஒரு விடுதியில் மெம்ஃபிஸ் மின்னி என்ற பெண் மின்கிதார் வாசித்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் கவிஞர் லாங்ஸ்டன் ஹ்யூஸ் ஒருவர். சில நாட்களில் ‘சிகாகோ டிஃபெண்டர்’ பத்திரிகையில் அந்த ஓசைக்கு இரும்பாலையை உவமை காட்டி எழுதினார். மடி வாட்டர்ஸ் அப்போது சிகாகோவுக்கே வந்திருக்கவில்லை. மின்கிதார் அவர் கைக்கு வந்தது அதற்கும் பிறகு. தந்தை ரயிலேறுவதற்கு முன்பே அந்த ஊரில் ஒரு தாய் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்கு மட்டும் பட்டம் இல்லை.

மின்னி சில்லறைக் கலைஞர் அல்ல. 1929இல் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஏறக்குறைய இருநூறு பாட்டுகளை இசைத்தட்டில் பதித்தவர். 1927இல் மிசிசிப்பி ஆறு கரையுடைத்த வெள்ளத்தைப் பற்றி அவரும் கணவர் கன்சாஸ் ஜோவும் பதிவுசெய்த பாட்டைத்தான் 1971இல் ‘லெட் செப்பலின்’ பாடியது. அதில் ஜான் பானம் அடித்த மேளத்தை ராக் உலகம் இன்றுவரை சிலாகிக்கிறது. அவருடைய மகன் ஜேசன் பானம்தான் ‘மடி வாட்டர் ப்ளூஸ்’ ஆல்பத்தின் மேளக்காரர். தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்த தொடர்ச்சி எல்லோர் கண்ணிலும் படுகிறது. அந்தத் தகப்பனின் புகழ்பெற்ற பாட்டு ஒரு பெண்ணின் கிதாரிலிருந்து வந்தது என்ற தொடர்ச்சி படுவதில்லை.

விருந்தாளிகள் ஏன் கிதார் கலைஞர்களாக மட்டும் இருக்க வேண்டும் என்பதையும் கேட்க வேண்டும். ப்ளூஸ் என்றாலே தனியாக அமர்ந்து கிதார் மீட்டும் ஆண் என்ற சித்திரம் நம் மனதில் பதிந்திருக்கிறது. அந்தச் சித்திரம் பின்னால் வரையப்பட்டது. ப்ளூஸை இசைத்தட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் பெண்கள். 1920 ஆகஸ்ட் மாதம் மேமி ஸ்மித் பாடிய ‘கிரேஸி ப்ளூஸ்’ விற்ற வேகத்தைப் பார்த்துத்தான் கறுப்பின மக்களும் காசு கொடுத்து இசைத்தட்டு வாங்குவார்கள் என்பது கம்பெனிகளுக்கு உறைத்தது. 1923இல் மா ரெய்னியும் பெஸ்ஸி ஸ்மித்தும் பதிவுக்கூடத்துக்கு வந்தார்கள். தனியாகக் கிதார் வாசித்துப் பாடும் ஆண்களைக் கம்பெனிகள் தேடிப் புறப்பட்டது அதற்குப் பிறகே. இந்தப் பெண்கள் அடிக்கும் புருஷனைப் பாடினார்கள், வெள்ளத்தில் போன வீட்டைப் பாடினார்கள், பணக்காரனைப் பார்த்து ஏழையின் கேள்வியைப் பாடினார்கள். பெண் பெண்ணை நேசிப்பதை 1928லேயே மா ரெய்னி ஒளிக்காமல் பாடினார். உழைக்கும் கறுப்பினப் பெண்களின் அரசியல் உணர்வு இந்தப் பாட்டுகளில் இருக்கிறது என்பதை ஏஞ்சலா டேவிஸ் 1998இல் ஒரு முழுப் புத்தகமாகவே எழுதிக் காட்டினார்.

ஆனால் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பழைய இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்த்த வெள்ளை ஆண்களுக்கு இது சுவைக்கவில்லை. பட்டும் பாசியும் அணிந்து, பியானோவோடும் பித்தளை வாத்தியங்களோடும் மேடையேறிய பெண்கள் அவர்களுக்குக் கேளிக்கைக்காரிகளாகத் தெரிந்தார்கள். கிழிந்த சட்டையோடு தனிக்கிதார் வாசித்த ஆண்தான் ‘அசல்’. கிதாரை அளவுகோலாக வைத்ததும் குரலால் ஆண்டவர்கள் வரலாற்றிலிருந்து கழன்று விழுந்தார்கள். சரி, கிதாரே அளவுகோல் என்றால் மின்னியும் சிஸ்டர் ரோஸெட்டா தார்ப்பும் முதல் வரிசையில் அல்லவா இருக்க வேண்டும்? அங்கும் இல்லை. எந்த அளவுகோலை வைத்தாலும் தோற்பது ஒரே தரப்பு என்றால், தவறு அளக்கும் கையில் இருக்கிறது.

“இது மடி வாட்டர்ஸுக்கான அஞ்சலி. அவர் ஆண். இதில் பெண்களை எங்கே நுழைப்பது?” என்பார்கள். நுழைக்க வேண்டியதே இல்லை. அவர் வாழ்க்கையில் அவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். சேற்றில் விளையாடிய பேரனுக்கு ‘மடி’ என்ற பெயரை வைத்து வளர்த்தவர் பாட்டி டெல்லா கிரான்ட். ஆல்பத்தின் தலைப்பே அந்தப் பாட்டி கொடுத்ததுதான். ரோட்ஜர்ஸ் மறுபடி பாடியிருக்கும் ‘ஐ கான்ட் பி சாட்டிஸ்ஃபைட்’ 1948இல் அரிஸ்டோகிராட் என்ற கம்பெனியில் வெளிவந்தது. பாட்டு என்ன சொல்கிறது என்றே லெனர்ட் செஸ்ஸுக்குப் பிடிபடவில்லை, கூட்டாளி எவலின் ஆரன்தான் அதை வெளியிடச் சொல்லி நின்றார் என்பது அந்தக் கம்பெனியின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்வது. பாட்டு வென்றது. எவலின் விலகினார். 1950இல் கம்பெனிக்குச் செஸ் என்று பெயர் மாறியது.

1964இல் மடி வாட்டர்ஸ் பிரிட்டனில் சுற்றுப்பயணம் செய்தபோது அதே குழுவில் வந்தவர் ரோஸெட்டா தார்ப். மான்செஸ்டரில் கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையத்தில் தொலைக்காட்சிக்காக நடந்த நிகழ்ச்சியில், மழை ஈரம் காயாத நடைமேடையில் ரோஸெட்டா மேலங்கியோடு நின்று மின்கிதார் வாசித்த படம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. 1966இல் ‘பிக் மாமா’ தார்ன்டன் சான் பிரான்சிஸ்கோவில் ஓர் ஆல்பம் பதிவுசெய்தார். பின்னணி வாசித்தது மடி வாட்டர்ஸின் குழு, மடி வாட்டர்ஸும் சேர்த்துத்தான். ஒரு பெண் முன்னால் நின்று பாட, தான் பக்கத்தில் நின்று கிதார் வாசிக்க மடி வாட்டர்ஸுக்கு இடறவில்லை. அவருக்கு அஞ்சலி செலுத்த வந்தவர்களுக்குத்தான் அந்தக் காட்சி தோன்றவே இல்லை.

இன்னொன்று. இந்த ஆல்பத்தில் எல்லாமே மடி வாட்டர்ஸ் பாட்டுகள் இல்லை. ‘தி ஹன்டர்’, ‘பார்ன் அண்டர் எ பேட் சைன்’ இரண்டும் ஆல்பர்ட் கிங்கின் 1967ஆம் ஆண்டு ஆல்பத்தில் வந்தவை. ‘தி ஹன்டர்’ ரோட்ஜர்ஸ் தன் ‘ஃப்ரீ’ நாட்களிலேயே பாடியது. ஆக, வெளியார் பாட்டுக்கு இடம் இருந்திருக்கிறது. அந்த இடம் ஆண் வேட்டைக்காரனாகவும் பெண் இரையாகவும் வரும் பாட்டுக்குப் போயிற்று. தார்ன்டனின் பாட்டுக்கோ மின்னியின் பாட்டுக்கோ போகவில்லை.

அதைவிடக் கசப்பானது ‘குட் மார்னிங் லிட்டில் ஸ்கூல் கேர்ள்’. 1937இல் சன்னி பாய் வில்லியம்சன் பதிவுசெய்தது, 1964இல் மடி வாட்டர்ஸும் பாடியது. பள்ளிக்கூடம் விட்டு வரும் சிறுமியை வளர்ந்த ஆண் கூட வரலாமா என்று கேட்கிறான், வீட்டுக்கு என்ன சொல்லிச் சமாளிக்கலாம் என்றும் யோசிக்கிறான். ப்ளூஸ் மரபில் அதற்கு இடம் உண்டு என்று சொல்லி இதைக் கடந்துபோகிறார்கள். மரபில் எத்தனையோ உண்டு. அஞ்சலி செலுத்துகிறவர் அதில் எதை எடுப்பது, எதை விடுவது என்று தேர்ந்தெடுக்கிறார். ரோட்ஜர்ஸ் இதை ஒருமுறையல்ல, இரண்டு பகுதிகளாக இரண்டு முறை தேர்ந்தெடுத்திருக்கிறார், வெவ்வேறு விருந்தாளிகளோடு. பெண் ஒரு கலைஞராக வர இடமில்லாத ஆல்பத்தில், பள்ளிச் சிறுமியாக இரண்டு முறை வர இடமிருக்கிறது.

நான் மடி வாட்டர்ஸின் ஆண்மைப் பாட்டுகளை ஒரே தராசில் நிறுக்கவில்லை. வளர்ந்த கறுப்பின ஆணை வெள்ளையர் ‘பையா’ என்று கூப்பிட்ட நாட்டில், 1955இல் ஒருவர் நிமிர்ந்து நின்று ‘நான் ஆண்’ என்று எழுத்தெழுத்தாகச் சொல்வது பணியமாட்டேன் என்பதன் வேறு பெயர். அவமானப்படுத்தப்பட்ட இனத்தின் வாயில் அந்தச் சொல் எதிர்ப்பு. அதே தோரணையை 1993இல் உலகப் புகழ்பெற்ற ராக் நட்சத்திரங்கள் கூடி எடுத்துக்கொள்ளும்போது எதிர்ப்பு உதிர்ந்துவிடுகிறது, மீசை முறுக்கல் மட்டும் மிஞ்சுகிறது. அந்த ஆண்மைக்குக் கறுப்பினப் பெண்ணின் பதிலும் இருந்தது. செஸ் கம்பெனியில் 1965இல் ‘வாங் டாங் டூடில்’ பாடிய கோகோ டெய்லர், அதே தாளக்கட்டை எடுத்து 1978இல் ‘ஐ ஆம் எ வுமன்’ என்று திருப்பிப் பாடினார். மூதாதையோடு மல்லுக்கு நின்று பேசுவதும் அஞ்சலிதான். காலில் விழுவதைவிட மரியாதையான அஞ்சலி.

1993இல் கோகோ டெய்லர் உயிரோடு பாடிக்கொண்டிருந்தார். எட்டா ஜேம்ஸ் பாடிக்கொண்டிருந்தார். ‘ஐ ஜஸ்ட் வான்ட் டு மேக் லவ் டு யூ’ பாட்டை மடி வாட்டர்ஸுக்குப் பிறகு தன்னுடையதாக ஆக்கிக்கொண்டவர் அவர். கிதாரே வேண்டுமென்றால் பானி ரெய்ட் இருந்தார், டெக்சாஸில் இடக்கையால் வாசிக்கும் பார்பரா லின் இருந்தார். ஆள் கிடைக்கவில்லை என்ற சாக்கு எடுபடாது.

காணாமல் போவதற்கு விலை உண்டு. அதைப் பணத்திலும் ஆண்டுகளிலும் எண்ணலாம். ‘ஹவுண்ட் டாக்’ பாட்டை 1953இல் ஏழு வாரம் கறுப்பின இசைத் தரவரிசையின் உச்சியில் வைத்த தார்ன்டன், தனக்குக் கிடைத்தது ஐந்நூறு டாலர் காசோலை ஒன்று என்று சொல்லிவந்தார். 1956இல் எல்விஸ் பிரெஸ்லிக்கு அதே பாட்டு கொடுத்தது நாம் அறிந்தது. ராக் அண்ட் ரோல் புகழ்மன்றம் மடி வாட்டர்ஸை 1987இல் சேர்த்தது. ரோஸெட்டாவை 2018இல், அவர் இறந்து 45 ஆண்டுகள் கழித்து. தார்ன்டனை 2024இல், இறந்து 40 ஆண்டுகள் கழித்து.

கல்லறைகளையும் பாருங்கள். 1937இல் இறந்த பெஸ்ஸி ஸ்மித்தின் குழிமேல் 1970 வரை பெயர் பொறித்த கல் இல்லை. அதை நட்டவர்கள் இருவர்: பாடகி ஜானிஸ் ஜாப்ளின், சிறுவயதில் பெஸ்ஸியின் வீட்டில் வேலை செய்த ஹுவனீட்டா கிரீன். 1973இல் இறந்த மெம்ஃபிஸ் மின்னிக்குக் கல் வந்தது 1996இல், பானி ரெய்ட்டின் பணத்தில். பெண்களும் அஞ்சலி செலுத்தியிருக்கிறார்கள். அவர்களுக்கு விருந்தாளிப் பட்டியல் தேவைப்படவில்லை. முதலில் பெயரைக் கல்லில் வெட்டினார்கள்.

இனியும் அஞ்சலி ஆல்பங்கள் வரும். நாம் கேட்பது அதிகமில்லை. ‘தந்தை’ என்று பட்டம் சூட்டுமுன் அந்த ஊரில் அதற்கு முன் யார் வாசித்துக்கொண்டிருந்தார் என்று விசாரியுங்கள். பெண்கள் ஆக்கிய பாட்டை அவர்கள் பெயர் சொல்லிப் பாடுங்கள், பங்கை அவர்களுக்கோ அவர்கள் வாரிசுகளுக்கோ கொடுங்கள். உயிரோடிருப்பவர்களைக் கூப்பிட்டு, நடுவில் நிறுத்தி, நீங்கள் பின்னணி வாசியுங்கள். 1966இல் மடி வாட்டர்ஸ் அதைச் செய்தார். அவருக்கு அஞ்சலி செலுத்த விரும்புகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.