கேபிளை எங்கள் கையில் தாருங்கள்

இது விஞ்ஞான யுகம் என்று பேச்சுப் போட்டிதோறும் முழங்குகிறோம், பரிசும் வாங்குகிறோம். ஆனால் வகுப்பறையில் கணிப்பொறியைப் புரொஜெக்டருடன் இணைக்கும் நேரம் வந்துவிட்டால், மாணவிகளாகிய நாங்கள் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கிறோம். ஒருத்தி அலுவலகத்துக்கு ஓடுகிறாள். அலுவலக அண்ணன் வங்கிக்கோ தபால் நிலையத்துக்கோ போயிருந்தால், இதயத்தின் நான்கு அறைகளையும் அன்று கரும்பலகையில் சாக்பீஸால்தான் பார்க்க வேண்டும். அவர் இருந்தால் வருகிறார், ஒரு கேபிளைச் செருகுகிறார், இரண்டு பொத்தான்களை அழுத்துகிறார், போய்விடுகிறார். 40 நிமிடப் பாடவேளையில் பத்து நிமிடம் போனது போனதுதான்.

அந்த வேலையை மாணவிகளே செய்ய அனுமதிக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து. அண்ணன் மீது எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அவரும் எந்தக் கல்லூரியிலும் இதைப் படித்தவர் அல்லர். செய்து செய்து பழகியவர்தாம். எங்களுக்குக் கிடைக்காததும் அந்தப் பழக்கம் ஒன்றுதான்.

அப்படி என்ன கம்பசூத்திரம் இதில் இருக்கிறது? நீல நிற முனையும் இரண்டு பக்கத் திருகும் உடைய பழைய கேபிளின் பெயர் வி.ஜி.ஏ. 1987-ல் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்தது. மூன்று வரிசைகளில் 15 ஊசிகள். முனை ஒரு பக்கம் அகன்றும் மறு பக்கம் குறுகியும் இருப்பதால், தலைகீழாகச் செருகவே முடியாது. இது படத்தை மட்டுமே கொண்டுபோகும், ஒலியைக் கொண்டுபோகாது. படம் ஓடுகிறது, ஆனால் பேச்சு கேட்கவில்லை என்று வகுப்பே திகைப்பது இதனால்தான். ஒலிபெருக்கிக்குத் தனி வயர் வேண்டும். தட்டையான மற்றொரு கேபிள் எச்.டி.எம்.ஐ. அதன் முதல் விதிமுறை 2002 டிசம்பரில் வெளியானது. 19 ஊசிகள், படமும் ஒலியும் ஒன்றாகவே போகும். ஆனால் இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஒலி புரொஜெக்டருக்குள் இருக்கும் சின்னஞ்சிறு ஒலிபெருக்கிக்குப் போய்விடும். பெரிய ஒலிபெருக்கி அருகிலேயே வாய்மூடி நிற்கும். கணிப்பொறியில் ஒலி எங்கே போக வேண்டும் என்று மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும்.

கேபிளைச் செருகிய பின்பும் திரை நீலமாகவே இருந்தால், பழுது என்று எண்ணிவிடக் கூடாது. புரொஜெக்டரில் எந்தத் துளை வழியாகப் படம் வருகிறது என்று ‘சோர்ஸ்’ பொத்தானால் சொல்ல வேண்டும். கணிப்பொறியில் விண்டோஸ் பொத்தானையும் ‘பி’ எழுத்தையும் சேர்த்து அழுத்த வேண்டும். 2009-ல் விண்டோஸ் 7 வந்தது முதல் இந்த வழி இருக்கிறது. அழுத்தினால் நான்கு வழிகள் தோன்றும். ‘டூப்ளிகேட்’ என்றால் ஆசிரியை பார்ப்பதெல்லாம் நாங்களும் பார்ப்போம், மதிப்பெண் பட்டியல் உட்பட! ‘எக்ஸ்டெண்ட்’ என்றால் ஆசிரியையின் குறிப்பு அவர் முன்னே இருக்கும், படம் மட்டும் எங்களுக்கு வரும். ஆசிரியைகளுக்கு இது எவ்வளவு பெரிய வசதி! எனினும் பெரும்பாலும் யாரும் இதைப் பயன்படுத்துவதில்லை.

கணக்கு வகுப்பில் வட்டம் நீள்வட்டமாகத் தெரிவதும் அச்சத்துக்குரியதன்று. பழைய புரொஜெக்டர்கள் பலவற்றில் படத்தின் அளவு 1024க்கு 768 புள்ளிகள். இன்றைய மடிக்கணினிகளின் திரையோ அதைவிட அகலமானது. அகலமானதைக் குறுகலானதில் அடைத்தால் வட்டம் நசுங்கத்தானே செய்யும்? இரண்டு பக்கங்களின் விகிதத்தைச் சரிசெய்தால் போதும். விகிதம் என்ற பாடத்தை எத்தனை முறை படித்திருக்கிறோம்! படம் மேலே விரிந்து கீழே குறுகினால், பொத்தானை அழுத்தித் திருத்துவதைவிடப் புரொஜெக்டரைத் திரைக்கு நேராக வைப்பதே மேல். பொத்தானால் திருத்தும்போது படத்தின் புள்ளிகளில் ஒரு பகுதி வீணாகிறது.

“விலையுயர்ந்த பொருளாயிற்றே! உடைந்தால் யார் பொறுப்பு?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஊசிகள் வளைவது தெரியாதவர் பலவந்தமாகத் திணிக்கும்போதுதான். பல்பு உள்ள புரொஜெக்டர் கெட்டுப்போவதற்குப் பெரிய காரணம், மணி அடித்ததும் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு ஓடுவது. ரிமோட்டால் அணைத்த பிறகு, உள்ளே இருக்கும் விசிறி ஓரிரு நிமிடம் சுழன்று பல்பைக் குளிரவைக்கும். அது நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். ஆக, கருவியைக் காப்பாற்ற வேண்டுமானால் தெரிந்தவர்களின் எண்ணிக்கை கூட வேண்டுமே அன்றிக் குறையக் கூடாது.

“பெண் பிள்ளைகள், ஷாக் அடித்துவிடும்” என்ற பேச்சும் காதில் விழுகிறது. இதைக் கேட்டால் எங்களுக்குச் சிரிப்பு வருகிறது. கொஞ்சம் கோபமும் வருகிறது. எச்.டி.எம்.ஐ. கேபிளில் இருப்பது 5 வோல்ட்தான். வீட்டில் 230 வோல்ட்டில் சுழலும் மிக்ஸியை, அதுவும் ஈரக் கையுடன் நிற்கும் சமையலறையில், யாரிடம் கொடுக்கிறார்கள்? எங்களிடம்தான். கொதிக்கும் இஸ்திரிப் பெட்டியும் எங்களிடம்தான். தொலைக்காட்சிப் பெட்டியின் பின்னால் ஒரு வயரை மாற்ற வேண்டும் என்றால் மட்டும், ஐந்தாம் வகுப்புத் தம்பியைக் கூப்பிடுகிறார்கள்! அபாயம் அதிகமானது பெண்ணுக்கும், அறிவு சேர்ந்தது ஆணுக்கும் என்று யார் பங்கு பிரித்தார்கள்?

கணிப்பொறிக்கும் கேபிளுக்கும் பெண்களுக்கும் உள்ள உறவு புதியதன்று. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவான ‘எனியாக்’ என்ற மின்னணுக் கணிப்பொறி 1946 பிப்ரவரியில் உலகுக்குக் காட்டப்பட்டது. ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் கொண்டது. அதற்கு ஒரு கணக்கைக் கொடுப்பது என்றால், கேபிள்களைப் பிடுங்கி வேறிடத்தில் செருகி, சுவிட்சுகளைத் திருப்ப வேண்டும். அதைச் செய்தவர்கள் ஆறு இளம் பெண்கள். அவர்களையும் முதலில் இயந்திரம் இருந்த அறைக்குள் விடவில்லை. வரைபடங்களைப் பார்த்தே அதன் அமைப்பைக் கற்றுக்கொண்டார்கள். அறுவரில் ஒருவரான கே மெக்நல்டி அயர்லாந்தில் பிறந்தவர். மூன்று வயதில் அமெரிக்கா வந்தபோது ஆங்கிலம் அறியாதவர். கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய செஸ்ட்நட் ஹில் பெண்கள் கல்லூரியில் கணிதம் படித்து 1942-ல் பட்டம் பெற்றார். எனியாக்கின் வெற்றியைக் கொண்டாடிய விருந்துக்கு அந்த ஆறு பேரையும் யாரும் அழைக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்தே உலகம் அவர்களைத் தேடிச் சிறப்பித்தது.

ஏட்டில் படித்தால் போதாதா, தொட்டுப் பார்க்க வேண்டுமா என்பாருக்கு ஒரு செய்தி. சேசு சபைத் துறவியும் பேரறிஞருமான அத்தனாசியுஸ் கிர்ச்சர், ஒளியையும் நிழலையும் பற்றி எழுதிய பெரிய நூலின் இரண்டாம் பதிப்பு 1671-ல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. இன்றைய புரொஜெக்டரின் பாட்டியான மாய விளக்கின் படம் அதில் இருக்கிறது. விளக்குக்கும் லென்சுக்கும் நடுவே, தலைகீழாக இருக்க வேண்டிய கண்ணாடிச் சித்திரம், அந்தப் படத்தில் லென்சுக்கு வெளியே நேராக நிற்கிறது! அப்படி வைத்தால் சுவரில் தெளிவான படம் விழாது. அச்சில் இருப்பதும் கைக்கு வருவதும் வேறுதானே?

ஆகவே, தலைமையாசிரியை சிஸ்டர் அவர்களிடம் எங்கள் விண்ணப்பம் இதுதான். வரும் ஜூன் முதல் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் பிரிவுக்கு இரண்டு மாணவிகளைத் தேர்ந்தெடுங்கள். முதல் மதிப்பெண் வாங்குபவர்களாகவே பார்த்து எடுக்க வேண்டாம். ஆர்வம் உள்ளவர்கள் போதும். அலுவலக அண்ணனே ஒரு சனிக்கிழமை காலை அவர்களுக்குக் கற்றுக் கொடுக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொறுப்பு வேறு இருவருக்கு மாறட்டும். இரண்டு கேபிள்களுக்கும் பெயர் எழுதி ஒட்டிவிடலாம். யார் எடுத்தார்கள், எப்போது திருப்பி வைத்தார்கள் என்று குறிக்க ஒரு நோட்டு போதும். சுவர் சுவிட்ச் ஆசிரியையின் பொறுப்பிலேயே இருக்கட்டும். அலமாரிச் சாவி மட்டும் அலுவலகத்தில் இல்லாமல் ஆசிரியைகள் அறையில் தொங்கினால், முதல் மணி அடித்து இரண்டாம் மணி அடிப்பதற்குள் நாங்கள் எடுத்து வந்துவிடுவோம்.