பிக்கப்பை முன்னாடி தூக்கிக் கட்டப் போற தம்பிகளுக்கு...



இன்னைக்கு சுகர், பிரஷர் பத்தி இல்லை. வண்டி பத்தி. "டாக்டருக்கு எதுக்கு மெக்கானிக் வேலை?"ன்னு கேக்குறவங்க கடைசி வரைக்கும் படிங்க. கொஞ்சம் நீளமான திரிதான்.

என் மச்சினன் செகண்ட் ஹேண்ட்ல ஒரு டபுள் கேபின் பிக்கப் வாங்கினான். வாங்கின ஒரே மாசத்துல வாட்ஸ்அப்ல போட்டோ வருது. "மாமா, வண்டி மூக்கைக் கவுத்துக்கிட்டு நிக்குது. முன்னாடி 2 இன்ச் லெவலிங் கிட் போடப் போறேன். கெத்தா இருக்கும்."

அன்னைக்கு எனக்கு கேஷுவாலிட்டி நைட் டூட்டி. ஒரு கட்டைவிரல் எமோஜியைப் போட்டுட்டு வேலையைப் பார்க்கப் போயிட்டேன்.

ராத்திரி 2 மணி இருக்கும். 108-ல ஒருத்தரைக் கொண்டு வந்தாங்க. டூவீலர். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிஞ்சு வெளியே தெரியுது. எப்படி ஆச்சுன்னு கேட்டேன். "எதிர்ல ஒரு ஒசரமான வண்டி சார். லைட்டு நேரா மூஞ்சில அடிச்சுது. ரோடே தெரியல. பாலத்துக் கட்டையில மோதிட்டேன்."

அந்த வண்டி இவரைத் தொடவே இல்லை. அந்த டிரைவருக்கு இப்படி ஒண்ணு நடந்ததே தெரிஞ்சிருக்காது.

அது தூக்கிக் கட்டின வண்டியா, ஹைபீம் போட்டு வந்த சாதாரண வண்டியான்னு எனக்குத் தெரியாது. ஆனா கட்டு போட்டு முடிச்சதும் மச்சினனோட போட்டோ ஞாபகத்துக்கு வந்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பிக்கப் ஏன் முன்னாடி தாழ்ந்து, பின்னாடி உயர்ந்து நிக்குது? கம்பெனிக்காரன் தப்பா செஞ்சுட்டானா? இல்லை. அது பாரம் ஏத்துற வண்டி. பின்னாடி மூட்டை ஏறினா பட்டை ஸ்பிரிங் அமுங்கும். அமுங்கின பிறகு வண்டி சமமா நிக்கணும்னுதான் பின்பக்கத்தை முன்கூட்டியே உயர்த்தி வச்சிருக்காங்க. காலி வண்டியை நாம சமமாக்கிட்டா, பாரம் ஏறினதும் அது மூக்கை மேலே தூக்கிடும்.

அதனால என்ன? ஒரு சின்ன கணக்கு போடுவோம்.

முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல சுமார் 3 மீட்டர். முன்னாடி மட்டும் 2 இன்ச், அதாவது 5 செ.மீ. தூக்குறோம். அப்போ லைட் வெளிச்சம் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் 16 செ.மீ.க்கு மேல உயரும். டிம் லைட் பொதுவா 10 மீட்டருக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே சரியுற மாதிரிதான் செட் பண்ணியிருப்பாங்க. அந்தச் சரிவு மொத்தமும் போச்சு. 50 மீட்டர் தூரத்துல வெளிச்சம் முன்னைவிட சுமார் 80 செ.மீ. மேலே போய் விழும். ரோட்டுல விழ வேண்டியது எதிர்ல வர்ற டூவீலர்காரர் கண்ணுல விழும். நீங்க டிம் போட்டுத்தான் ஓட்டுறீங்க. அவருக்கு அது ஹைபீம்தான்.

அடுத்தது, கிட் உள்ளே என்ன பண்ணுது?

நிறைய பிக்கப்ல முன்பக்கம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி சஸ்பென்ஷன். ஸ்பேசர்ங்கிறது ஷாக் அப்சார்பருக்கு மேல வைக்கிற ஒரு அலுமினிய அல்லது பாலியூரித்தேன் வட்டு, அவ்வளவுதான். ஷாக் அப்சார்பர் கீழ் ஆர்ம்ல சக்கரத்துக்கு உள்ளே தள்ளி மாட்டியிருக்கும். அதனால ஒரு இன்ச் வட்டு வச்சாலே வண்டி கிட்டத்தட்ட ரெண்டு இன்ச் உயரும்.

இதை எங்க பாஷையில சொல்றேன். நல்லா நடக்குற ஒருத்தருக்கு, அழகுக்காக ஒரு செருப்புல மட்டும் ரெண்டு இன்ச் கட்டை வச்சா என்ன ஆகும்? முழங்கால், இடுப்பு, முதுகெலும்புன்னு வரிசையா எல்லாம் கோணி நிக்கும். ஒவ்வொரு மூட்டுக்கும் இவ்வளவுதான் அசையலாம்னு ஒரு எல்லை இருக்கு. வண்டியிலயும் அதே கதை. பால் ஜாயிண்ட்டுங்கிறது நம்ம இடுப்பு மூட்டு மாதிரியே கிண்ணத்துக்குள்ள உருளுற பந்துதான். சக்கரம் பள்ளத்துல முழுசா தொங்கும்போது அது எல்லைக்குத் தள்ளப்படுது. ஃபோர் வீல் டிரைவ்னா முன் ஆக்சில் ஜாயிண்ட்டும் சாய்வான கோணத்துலேயே சுத்தும். ரப்பர் பூட் கிழிஞ்சு கிரீஸ் ஒழுகும். அலைன்மென்ட் பார்க்காம விட்டா டயர் ஒரு பக்கமா தேயும்.

"கரடுமுரடான ரோட்டுல அடி தட்டாம இருக்கத்தான் டாக்டர்"ன்னு சிலர் சொல்வாங்க. முன் மூக்குக்கு அது ஓரளவு சரி. ஆனா இந்த வண்டிகள்ல பொதுவா தரைக்கு ரொம்பக் கிட்ட இருக்குறது பின் ஆக்சில் நடுவுல தொங்குற உருண்டை, டிஃபரென்ஷியல். அது சக்கரத்தோட சேர்ந்தது. நீங்க பாடியை எவ்வளவு தூக்கினாலும் அது ஒரு மில்லிமீட்டர்கூட ஏறாது. அதே கல்லு அதே இடத்துல தட்டும்.

இனி என் டிபார்ட்மென்ட்.

சாதாரண கார் ஒரு ஆளை இடிச்சா பம்பர் முழங்கால்கிட்ட படும், ஆள் பானெட் மேல விழுவார். அதுவே மோசம்தான். முன்பக்கம் உயர உயர அடி படுற இடமும் உயரும்: தொடை, இடுப்பெலும்பு, வயிறு. சின்னப் பிள்ளைக்கு நெஞ்சும் தலையும். பானெட் மேல விழ வழியில்லாதவர் முன்னாடி தூக்கி எறியப்பட்டு சக்கரத்துக்கடியில போவார். அமெரிக்காவோட ஐ.ஐ.எச்.எஸ். அமைப்பு 2023-ல வெளியிட்ட ஆய்வு ஒண்ணு இருக்கு. 30 இன்ச் அல்லது அதுக்குக் கீழே சரிவான முகப்பு உள்ள வண்டிகளோட ஒப்பிட்டா, பானெட் உயரம் 40 இன்ச்சுக்கு மேல இருக்குற வண்டிகள் இடிச்சா நடந்து போறவர் சாகுற வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம். பிக்கப் ஏற்கெனவே உயரமான வண்டி. நாம அதுக்கு மேல தூக்குறோம்.

இந்தப் பழக்கத்துக்குப் பேர்போன அமெரிக்காவுலேயே, வடக்கு கரோலினாவுல முன்பக்கம் பின்பக்கத்தை விட 4 இன்ச் அல்லது அதுக்கு மேல உயர்ந்து நிக்குற மாதிரி மாத்தின வண்டிகளை 2021 டிசம்பர்ல இருந்து தடை பண்ணிட்டாங்க.

நம்ம ஊர்ல? மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இருக்கு. கம்பெனி கொடுத்த ஸ்பெசிஃபிகேஷனை மாத்தக்கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில சொல்லியிருக்கு. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாசம் வரைக்கும் சிறை, இல்லை ரெண்டுமேன்னு சட்டத்துல இருக்கு. விபத்து நடந்தா இன்ஷூரன்ஸ்காரங்க என்ன கேப்பாங்கன்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

மச்சினன் கதைக்கு வர்றேன். நான் பேசுறதுக்குள்ள கிட்டை மாட்டிட்டான். திட்டல. ஒரு நாள் இருட்டினதும் வண்டியில நாலு உர மூட்டையை ஏத்தச் சொன்னேன். ஊருக்கு வெளியே காலி ரோடு. அவனை 50 மீட்டர் தள்ளி என் ஸ்கூட்டர் மேல உக்கார வச்சேன். பிக்கப்ல டிம் லைட்டை மட்டும் போட்டேன்.

கையால கண்ணை மறைச்சுக்கிட்டு நடந்து வந்தான். "மாமா, ஒண்ணுமே தெரியல." அவ்வளவுதான் சொன்னான்.

அடுத்த வாரம் கழட்டிட்டான். கிட் காசும் லேபர் காசும் போச்சு. "உன் புருஷன் அன்னைக்கு கட்டைவிரல் காட்டினாரு, இன்னைக்கு கழட்டச் சொல்றாரு"ன்னு அவங்க அக்காகிட்ட போட்டும் கொடுத்துட்டான். அவன் சொன்னது நியாயம்தான். அதுக்குப் பிராயச்சித்தம்தான் இந்தத் திரி.

ஏற்கெனவே மாட்டியிருக்கீங்களா? முதல்ல ஹெட்லைட்டை பாரத்தோட வச்சு செட் பண்ணுங்க. அலைன்மென்ட், பால் ஜாயிண்ட், ஆக்சில் பூட் மூணையும் காட்டுங்க. யூடியூப் பார்த்து வீட்டுலேயே ஸ்பிரிங்கைக் கழட்டாதீங்க, அமுங்கின ஸ்பிரிங் தெறிச்சா கை போயிடும். தோட்டம், எஸ்டேட்னு உண்மையான தேவை இருக்குறவங்க, தேஞ்ச ஸ்பிரிங்கையும் டயரையும் கம்பெனி சொன்ன அளவுலேயே புதுசா மாத்துங்க. பெரும்பாலும் அதுவே போதும்.

வெறும் கெத்துக்காகன்னா, போடாதீங்க தம்பி. அந்த ரெண்டு இன்ச்சுக்கான விலையை எதிர்ல வர்றவன்தான் கொடுக்கிறான். ராத்திரி 2 மணிக்கு அவனை எங்ககிட்டதான் தூக்கிட்டு வர்றாங்க.