நாள்காட்டி ஒருவருக்கு மட்டும் சொந்தமல்ல

சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. ராகு காலமும் எமகண்டமும் வீட்டாருக்கும் விருந்தினருக்கும் ஒன்றே. அதே பெயரைத் தாங்கி இன்று நம் கைப்பேசிக்குள் இருப்பது முற்றிலும் வேறொன்று. யாரை, எங்கே, எப்போது, எதற்காகச் சந்திக்கிறோம் என்பதைச் சொல்லும் பதிவேடு அது.

என் முன்னாள் மாணவி ஒருவர் அண்மையில் வீட்டுக்கு வந்திருந்தார். தனியார் நிறுவனமொன்றின் மனிதவளப் பிரிவில் பணியாற்றுபவர். அலுவலகக் கூட்டங்கள், மகளின் பள்ளி வேலைகள், வீட்டுக் கடமைகள் எல்லாம் காலையில் ஒரே பக்கத்தில் தெரிய வேண்டும் என்பதற்காக, தம் சொந்தக் குறிப்பேட்டுச் செயலியுடன் அலுவலக நாள்காட்டியை இணைக்க முற்பட்டிருக்கிறார். திரையில் தோன்றிய வாசகம் அவரைத் தயங்க வைத்தது. "என் நாள்காட்டியை மட்டுமல்ல, நான் பார்க்கக்கூடிய எல்லா நாள்காட்டிகளையும் பார்க்க, திருத்த, நீக்க அனுமதி கேட்கிறது சார். கொடுக்கலாமா?" என்றார்.

அடுத்த வாரம் பணிநீக்கம் செய்யப்படவிருந்த ஓர் ஊழியருடனான சந்திப்பும் அந்த நாள்காட்டியில் பதிவாகியிருந்தது. பெயரை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த ஊழியருக்கே இன்னும் தெரியாத செய்தி, எங்கோ இருக்கும் ஒரு செயலி நிறுவனத்தின் கணினிக்குப் போய்ச் சேர ஒரு பொத்தான் அழுத்தம் போதுமானதாக இருந்தது.

ஒரே இடத்தில் நாளைத் திட்டமிட விரும்புவது நியாயமான தேவை. ஆனால், அந்த இணைப்பு எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிந்தவர் சிலரே.

பெரும்பாலும் இரு வழிகள் உள்ளன. முதலாவது, அனுமதிச் சீட்டு முறை. நம் கடவுச்சொல் செயலிக்குத் தரப்படுவதில்லை. நாள்காட்டியை நடத்தும் நிறுவனம் செயலிக்கு ஒரு மின்னணுச் சீட்டை வழங்குகிறது. 2012-இல் வரையறுக்கப்பட்ட 'ஓஆத் 2.0' நெறிமுறை இதற்கு அடிப்படை. சீட்டுக்கு எல்லை வகுக்க முடியும்: பார்க்க மட்டும் அனுமதிக்கலாம், எந்த நேரம் ஓய்வு என்பதை மட்டும் தெரிவிக்கலாம். ஆனால், எவ்வளவு கேட்பது என்பதை முடிவு செய்பவர் செயலியை உருவாக்கியவரே. தேவைக்கு அதிகமாகக் கேட்டாலும், நாம் 'சரி' என்கிறோம். கடவுச்சொல்லை மாற்றினாலே அந்தச் சீட்டு செல்லாததாகிவிடும் என்ற உறுதியும் இல்லை. கணக்கின் அமைப்புப் பகுதிக்குச் சென்று நாமே அதை ரத்து செய்ய வேண்டும்.

இரண்டாவது, ரகசிய இணைய முகவரி. இதன் வழியே நாள்காட்டியைப் படிக்க முடியும், மாற்ற முடியாது. எனினும், முகவரியே இங்கு சாவி. அது எவர் கையில் கிடைத்தாலும், கடவுச்சொல் ஏதுமின்றி நம் சந்திப்புகள் அனைத்தையும் அவர் படித்துக்கொண்டே இருக்கலாம்.

பொருளியலில் 'புறவிளைவு' என்றொரு கருத்து உண்டு. ஆலை தரும் லாபம் முதலாளிக்கு. அதன் புகையோ ஊருக்கு. நாள்காட்டி இணைப்பும் அத்தகையதே. வசதி எனக்கு, இடர் என் சந்திப்பில் பெயர் இடம்பெற்றவருக்கு. 2024-இல் நோபல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர் டேரன் அசெமொக்லு, சக ஆய்வாளர்களுடன் 2022-இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் விளக்குகிறது. ஒருவர் தரும் தரவு பிறரைப் பற்றியும் சொல்லிவிடுவதால், சந்தையில் தரவின் விலை குறைகிறது. அளவுக்கு மீறி அது பகிரப்படுகிறது.

இது வெறும் ஏட்டுக் கோட்பாடன்று. மின்னஞ்சல் பெட்டியில் குவியும் விளம்பர அஞ்சல்களை ஒழுங்குபடுத்தித் தந்த இலவசச் சேவை 'அன்ரோல்.மீ'. அதன் உரிமை நிறுவனமான ஸ்லைஸ், பயனர்களின் அஞ்சல்களில் இருந்த 'லிஃப்ட்' வாடகைக் கார் ரசீதுகளைப் பெயர் நீக்கித் தொகுத்து, போட்டி நிறுவனமான ஊபருக்கு விற்றது 2017-இல் வெளிச்சத்துக்கு வந்தது. இலவசம் என்பதன் விலை அங்கே தெரிந்தது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். குறிப்பிட்ட நோக்கத்துக்குத் தேவையான தரவுக்கு மட்டுமே ஒப்புதல் பொருந்தும் என்கிறது சட்டம். ஆனால், தனிநபர் ஒருவர் தம் சொந்தத் தேவைக்காகத் தரவைக் கையாள்வது இச்சட்டத்தின் வரம்புக்குள் வராது. பொத்தானை அழுத்தும் விரலை இந்தச் சட்டம் கேள்வி கேட்பதில்லை. பணி ஒப்பந்தமும் மனசாட்சியும்தான் கேட்க வேண்டும்.

அப்படியானால் இணைக்கவே கூடாதா? இணைக்கலாம், அளவோடு. முதலில் அலுவலகத்தின் அனுமதியைப் பெற வேண்டும். அடுத்து, நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு விவரத்தை அங்கேயே விட்டுவிட வேண்டும். கூகுள் நாள்காட்டியிலும் அவுட்லுக்கிலும், சந்திப்பின் தலைப்பை மறைத்து 'இந்த நேரத்தில் வேலை உண்டு' என்பதை மட்டும் பகிரும் வசதி இருக்கிறது. பத்து மணிக்கு ஒரு சந்திப்பு என்று தெரிந்தால் நாளைத் திட்டமிட அது போதும். யாருடன் என்பது நம் நினைவில் இருக்கட்டும்.

இணைப்பு ஒருவழியாக இருப்பதும் முக்கியம். இருவழி இணைப்பில் அலுவலகச் செய்தி வெளியே போவது மட்டுமல்ல, நம் மருத்துவச் சந்திப்பும் மேலதிகாரியின் பார்வைக்குப் போய்விடக்கூடும். குறிப்புகளைத் தொலைதூரக் கணினியில் வைக்காமல், நம் சொந்தக் கருவியிலேயே எளிய உரைக்கோப்புகளாகச் சேமிக்கும் 'அப்சிடியன்' போன்ற செயலிகளும் உள்ளன. ஆயினும், அந்தக் கோப்புறையே தானாக வேறெங்கோ பிரதியெடுக்கப்பட்டால் பயனில்லை.

நிறுவனங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. எதையும் இணைக்கக் கூடாது என்று தடை விதிப்பது எளிது. அப்போது ஊழியர்கள் கணினித் திரையைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்வார்கள். கசிவு கண்ணுக்குத் தெரியாமல் தொடரும். நேரத்தை மட்டும் பகிரும் பாதுகாப்பான வழியை நிறுவனமே திறந்துவிடுவதுதான் அறிவுடைமை. நாள்காட்டியில் 'பணிநீக்கக் கூட்டம்' என்று எழுதாமல் 'கலந்தாய்வு' என்று எழுதும் பழக்கத்தையும் ஊழியர்களுக்குக் கற்றுத்தரலாம்.

என் மாணவி அன்று அந்தப் பொத்தானை அழுத்தவில்லை. பின்னர் அலுவலகத்தில் கேட்டு, நேரத்தை மட்டும் இணைத்துக்கொண்டாராம். தலைப்புகளைத் தினமும் காலையில் தாமே சுருக்கமாக எழுதிக்கொள்ள ஐந்து நிமிடங்கள் ஆகின்றன என்றார். அந்த ஐந்து நிமிடங்கள்தான், பிறர் அவர்மீது வைத்த நம்பிக்கைக்கு அவர் செலுத்தும் விலை. மிக மலிவான விலை அது.

நம் நேரத்தை யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். அந்த நேரத்தில் நம்மை நம்பி வந்தவரின் பெயரைக் காட்ட நமக்கு உரிமையில்லை.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).