சிறைவாசலில் யார் காத்திருக்கிறார்கள்? பாஸ்டன் நகரம் சொல்லும் பதில்

அடிதடி வழக்கில் உள்ளே போனவர், வெளியே வந்த சில மாதங்களிலேயே மறுபடியும் கைது. இப்படி ஒரு செய்தி வந்தால் கீழே என்ன கமென்ட் விழும் என்று நமக்குத் தெரியும். "இவனுங்க எல்லாம் திருந்தவே மாட்டானுங்க, வெளியவே விடக் கூடாது." கோபம் புரிகிறது. ஆனா, தண்டனைக் காலம் முடிந்தால் விட்டுத்தானே ஆகணும்? விடுதலையாகும் நாளில் அவருக்காக வாசலில் யார் நிற்கிறார்கள் என்ற கேள்வியை ஒரு நகரம் சீரியஸாக எடுத்துக்கொண்டது. அமெரிக்காவின் பாஸ்டன்.

6 லட்சம் பேர்கூட இல்லாத அந்த ஊரில் 1990இல் மட்டும் 152 கொலைகள். கிராக் போதைப்பொருள் வியாபாரம், கைத்துப்பாக்கி, ஏரியா கேங்குகள். இதைவிடப் பெரிய சிக்கல், கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் போலீஸை யாரும் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணமும் இருந்தது. 1989இல் வெள்ளையர் ஒருவர் தன் கர்ப்பிணி மனைவியைக் கொன்றுவிட்டு, 'கறுப்பினத்தவர் ஒருவர் சுட்டுவிட்டார்' என்று கதை கட்டினார். போலீஸும் அதை நம்பி, மிஷன் ஹில் பகுதி இளைஞர்களைத் தெருத்தெருவாக நிறுத்திச் சோதனை போட்டது. சில மாதங்களில் உண்மை தெரிந்துவிட்டது. அதற்கு நகர நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது எப்போது தெரியுமா? 2023இல்!

பாதிரியார்கள் ஏன் தெருவுக்கு வந்தார்கள்?

1992 மே மாதம், சுட்டுக் கொல்லப்பட்ட ஓர் இளைஞரின் இறுதிச்சடங்கு நடந்துகொண்டிருந்தபோது தேவாலயத்துக்குள்ளேயே கேங் ஆட்கள் புகுந்து ஒருவரைக் கத்தியால் குத்தினார்கள். இனி உள்ளே உட்கார்ந்து பிரசங்கம் செய்தால் போதாது என்று கறுப்பினப் பாதிரியார்களுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. 'டென் பாயின்ட் கோயலிஷன்' என்ற அமைப்பைத் தொடங்கி, ராத்திரி நேரத்தில் தெருக்களில் நடந்து பையன்களிடம் பேச ஆரம்பித்தார்கள். போலீஸ் அத்துமீறினால் அவர்களையும் விடாமல் விமர்சித்தார்கள். பின்னாளில் போலீஸோடு சேர்ந்து வேலை செய்தபோதும் மக்கள் இவர்களை நம்பியதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்து ஹார்வர்டு ஆய்வாளர்களும் போலீஸும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். 61 கேங்குகள், சுமார் 1,300 பேர். நகரத்தின் இளைஞர்களில் 1 சதவீதம்கூட இல்லை. ஆனால், இளைஞர் கொலைகளில் குறைந்தது 60 சதவீதத்துக்கு இவர்கள்தான் காரணம். 'அந்த ஏரியாவே அப்படித்தான்' என்ற பேச்சு எவ்வளவு தப்பு, பாருங்கள்.

1996இல் 'ஆபரேஷன் சீஸ்ஃபயர்' தொடங்கியது. கேங் உறுப்பினர்களை நேரில் வரவழைத்து உட்காரவைத்தார்கள். 'உங்களில் ஒருத்தர் சுட்டாலும் மொத்த குரூப் மேலயும் எங்க பார்வை விழும்' என்றது போலீஸ். 'விட்டுட்டு வர்றேன்னா உதவி செய்ய நாங்க இருக்கோம்' என்றார்கள் பாதிரியார்களும் சமூகப் பணியாளர்களும். இரண்டும் ஒரே அறையில், ஒரே நேரத்தில். 24 வயதுக்கு உட்பட்டோர் கொலை 1991-95இல் ஆண்டுக்குச் சராசரியாக 44 ஆக இருந்தது. 1997இல் 15 ஆனது.

உள்ளே போனவர்கள் திரும்பி வந்தபோது...

கொலைகள் குறைந்து நகரம் நிம்மதியானபோதுதான், முன்பு சிறைக்குப் போன கேங் ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வர ஆரம்பித்தார்கள். பழைய பகையும் கூடவே வந்தது. அதற்காக 2000வாக்கில் உருவானதுதான் 'பாஸ்டன் ரீஎன்ட்ரி இனிஷியேட்டிவ்'.

இடம் சவுத் பே சிறை. இரண்டரை ஆண்டு வரை தண்டனை பெற்றவர்கள் இருக்கும் இடம். வன்முறையில் திரும்ப ஈடுபட வாய்ப்பு அதிகம் உள்ள இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, உள்ளே வந்த ஒன்றரை மாதத்துக்குள் கூட்டம் போடுவார்கள். ஒரு பக்கம் போலீஸ், அரசு வழக்கறிஞர். அதே வரிசையில் பாதிரியார்கள், சமூகப் பணியாளர்கள். கூட்டத்தோடு முடியாது. ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி உண்டு. வேலை, தங்க இடம், போதை சிகிச்சை என்று வெளியே என்னவெல்லாம் தேவைப்படுமோ, அதற்கான திட்டம் உள்ளே இருக்கும்போதே தயாராகும். விடுதலை நாளில் குடும்பத்தாரோ வழிகாட்டியோ வாசலில் நிற்பார்கள். கையில் பையோடு எங்கே போவதென்று தெரியாமல் நிற்கிறவருக்கு முதலில் போன் செய்யத் தோன்றுவது பழைய கூட்டாளிக்குத்தானே? அந்த போனுக்கு முன்னாடி இவர்கள் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பலன்? 2009இல் வெளியான ஆய்வு, இதேபோன்ற மற்ற கைதிகளோடு ஒப்பிட்டால் மீண்டும் கைதாகும் வேகம் சுமார் 30 சதவீதம் குறைவு என்றது. மேஜிக் இல்லை. மூன்று ஆண்டுகளுக்குள் இவர்களிலும் பெரும்பாலானோர் திரும்பக் கைதாகத்தான் செய்தார்கள். ஆனால் தாமதமாக, குறைவாக. ஒவ்வொரு மாதத் தாமதத்திலும் யாரோ ஒருவர் குத்துப்படாமல், சுடப்படாமல் வீட்டுக்குப் போயிருக்கிறார். இதை 'தோல்வி' என்று எழுதிவிட முடியாது.

வருத்தமான பகுதி வேறு. 1999இல் கொலைகள் 31 ஆகக் குறைந்ததும், 'பிரச்சினை முடிஞ்சுது' என்ற எண்ணம் வந்துவிட்டது. பொறுப்பில் இருந்த அதிகாரிகள் மாறினார்கள். பாதிரியார்களுக்குள்ளும் பூசல். சீஸ்ஃபயர் கூட்டங்கள் சத்தமே இல்லாமல் நின்றுபோயின. 2005இல் கொலைகள் 70ஐத் தாண்டின. சிறைவாசலில் நடந்த வேலை தொடர்ந்தாலும், தெருவில் யாரும் இல்லாதபோது அது மட்டும் என்ன செய்யும்? 2007இல் புதிய போலீஸ் கமிஷனர் சீஸ்ஃபயரைத் திரும்பத் தொடங்கவேண்டி வந்தது. பழைய பட்டியல் உதவவில்லை. யார் எந்த கேங், யாருக்கு யாரோடு பகை என்பதை மறுபடி முதலிலிருந்து எழுதினார்கள்.