இரவுச் சாலையும் முதலாளி கடிதமும்

அமெரிக்காவில், கலிபோர்னியா ராஜ்யத்தில் 18 வயது நிரம்பாதவர் கார் லைசென்ஸ் பெற்றால், முதல் 12 மாதம் பெரியவர் துணையின்றி இரவு 11 முதல் காலை 5 மணி வரை ஓட்டக் கூடாது. 20 வயதுக்குட்பட்டோரை ஏற்றவும் கூடாது. இக்கட்டுப்பாடு நியாயமே. பழகாத கையும் இருட்டும் கூட்டாளிகளின் கும்மாளமும் சேர்ந்தால் உயிர்தான் போகும்.

ஆனால் அதே ராஜ்யத்தின் தொழிற் சட்டம் என்ன சொல்கிறது? மறுநாள் பள்ளி இல்லையென்றால் 16, 17 வயதுப் பிள்ளைகளை இரவு 12.30 வரை வேலை வாங்கலாமாம்!

வீடு திரும்புவது எப்படி? வேறு வசதி இல்லையென்றால், முதலாளி கையெழுத்திட்ட கடிதத்தோடு அவர்களே ஓட்டிச் செல்லலாம். கடையில் நின்று களைத்த பையனின் தூக்கத்தைக் கடிதம் கலைக்குமா? வேலையை 10 மணிக்கே முடிக்கட்டும். இல்லையேல் வீடு சேர்க்கும் வண்டிச் செலவை முதலாளியே கொடுக்கட்டும்.